கொல்லை: ஒரு சொல்லும் ஒரு பாசுரமும்

கொல்லை என்றவுடன் இக்காலத்தார் நினைவுக்கு வருவது வீட்டின் பின்புறம். கொல்லைக்கதவு, கொல்லைக்கிணறு என்னும் வழக்குகள் அப்பொருளை நிலைநிறுத்தியுள்ளன. 'கொல்லைக்குப் போதல்' என்பது இடக்கரடக்கலாகவும் வழங்கும். இப்பொருளை மட்டும் கொண்டு பெரியாழ்வார் திருமொழியை அநுசந்திப்பவர்க்கு ஓரிடத்தில் பாசுரச் சுவை குன்றிவிடும்.

இரண்டாம் பத்தின் ஒன்பதாம் திருமொழியில் ஆய்ச்சியர் கண்ணனின் தீம்புகளை யசோதையிடம் முறையிடுகின்றனர். அவர்களுள் ஒருத்தியின் குறை இது: அவன் இல்லம் புகுந்து, அவள் மகளைக் கூவி அழைத்து, கைவளையைக் கழற்றிக்கொண்டான், கொல்லையிலிருந்து நாவற்பழம் கொணர்ந்து விற்றவளுக்கு அவ்வளையைக் கொடுத்துப் பழம் கொண்டான், கேட்டால், தான் அல்லன் என்று சிரிக்கிறான்.

ஈண்டுக் கொல்லை யாது? மனையின் பின்புறமாயின், விற்றவள் அண்டை வீட்டாள் ஆவாள். வளையை மாலைக்குள் மீட்டுவிடலாம், முறையீட்டுக்கு வலியில்லை.

பழந்தமிழில் கொல்லை என்பது முல்லை நிலத்துப் புன்செய். சங்கப் பாடல்களில் வரகோடும் ஆநிரை மேய்க்கும் கோவலரோடும் சேர்ந்து வருவது இச்சொல். தொல்காப்பியர் மாயோனுக்கு உரியதாக்கிய நிலமும் முல்லையே. ஆயர்பாடிக் கதைக்கு இதனினும் பொருந்திய சொல் வேறில்லை. அப்பழம்பொருள் இறந்துபடவும் இல்லை. சோளக்கொல்லை, கம்பங்கொல்லை, முந்திரிக்கொல்லை என இன்றும் வழங்குகிறோம். சோளக்கொல்லைப் பொம்மையைப் புறக்கடையில் எவரும் தேடுவதில்லை!

மனைப் பின்புறத்தைக் குறிக்க அக்காலத்தில் வேறு சொல்லும் இருந்தது. ஆண்டாள் திருப்பாவையில் சொல்வது புழைக்கடைத் தோட்டம். புழை என்பது சிறுவாயில். புழக்கடை என்று இன்றும் பேச்சில் நிற்கிறது. இஃதொன்றே முடிவு கட்டப் போதாது. ஒரு பொருட்குப் பல சொல் இருத்தல் இயல்பே. ஆயினும் வில்லிபுத்தூரில் நந்தவனம் அமைத்துத் திருமாலை தொடுத்த ஆழ்வாருக்கு நந்தவனம், தோட்டம், கொல்லை ஆகியவற்றின் வேறுபாடு கைப்பழக்கமாகவே தெரிந்திருக்கும்.

நாவல் ஓங்கி வளரும் மரம். ஆனி, ஆடியில் பழுக்கும். பழம் எளிதில் நசுங்கிவிடுமாதலால் பறித்த அன்றே விற்றாக வேண்டும். எனவே காட்டுப்புறக் கொல்லையிலிருந்து கூடையோடு வந்து, விற்றுப் போனவள் அவள் எனக் கொள்வதே தகும். பெயரும் மனையும் சுட்டாமல் யாரோ ஒருத்தி என்ற அளவில் பாசுரம் அவளைக் குறிப்பதும் இதற்கு அரணாம். அவளைத் தேடி வளையை மீட்பது எங்ஙனம்? அதனாலேயே தாய் யசோதையின் வாசலில் வந்து நிற்கிறாள்.