மெலிந்த உடலும் சயரோகமும்

சயரோகம் வந்தவர் மெலிந்துபோவார் என்பதை நாம் எல்லோரும் அறிவோம். ஆனால் மெலிந்திருப்பவரை அந்நோய் இலகுவில் பற்றும் என்பதைப் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை. "அது அந்தக் குடும்பத்து வருத்தம், அவர்களின் உடல்வாகே அப்படி" என்று சொல்லி விட்டுவிடுகிறோம்.

நோயாளி இருமும்போது கிருமி காற்றில் பரவுகிறது. கிருமி தொற்றிய எல்லோருக்கும் நோய் வருவதில்லை. பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேரின் உடலில் அது உறங்கியே கிடக்கும். அதை அடக்கி வைத்திருப்பது நமது எதிர்ப்புச் சக்தி. போதிய உணவின்றி உடல் மெலியும்போது அக்காவல் தளர்கிறது, கிருமி விழித்துக்கொள்கிறது.

ஆகவே இது பரம்பரை விதி அல்ல. உணவால் மாற்றக்கூடியது. இந்தியாவின் ஜார்க்கண்ட் மாநிலத்தில் 2019 முதல் 2022 வரை நடந்த ஆய்வு இதை நன்கு காட்டியது. அங்கு 2,800 நோயாளிகளுக்கும் மருந்துடன் சத்துணவும் கொடுத்தார்கள். அவர்களுடைய வீட்டார் 10,345 பேர். இவர்களில் ஒரு பகுதியினருக்கு மாதந்தோறும் ஆளுக்கு 5 கிலோ அரிசி, 1.5 கிலோ பருப்பு, சத்து மாத்திரை என்பன கிடைத்தன. மற்றப் பகுதியினருக்குக் கிடைக்கவில்லை. உணவு பெற்ற வீடுகளில் புதிதாக நோய் கண்டவர்கள் 39 வீதம் குறைவாக இருந்தார்கள்.

கொழுத்த உடலே காப்பு என்றும் எண்ணக்கூடாது. நீரிழிவு உள்ளவர் பருமனாக இருந்தாலும் அவருக்குச் சயரோக ஆபத்து அதிகம்.

இடம்பெயர்ந்து நெருக்கமாக வாழும் நாம் செய்யக்கூடியவை சில உண்டு. நெல் மூட்டை நிறுத்துப் பழகிய நாம், மாதம் ஒருமுறை வீட்டாரையும் நிறுத்து எடையைக் குறித்து வைப்போம். சோற்றுடன் பருப்பு, பயறு, முருங்கையிலை, நெத்தலி, முட்டை ஆகியவற்றில் கிடைப்பதைச் சேர்ப்போம். வீட்டில் நோயாளி இருந்தால் அவருக்கு மட்டுமன்றி, கடைசியாகச் சாப்பிட உட்காரும் தாய்க்கும் பங்கு வேண்டும். கோப்பை, கரண்டியால் இந்நோய் தொற்றாது. நோயாளியை ஒதுக்கத் தேவையில்லை. கதவு யன்னலைத் திறந்து காற்றோட்டம் விடுவது பயன் தரும்.

உணவு மருந்துக்கு மாற்றல்ல. இரண்டு கிழமைக்கு மேல் இருமல் இருந்தாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் சென்று சளியைப் பரிசோதிக்க வேண்டும். மருந்து இலவசம். உடல் தேறியதும் நிறுத்திவிடாமல், குறைந்தது ஆறு மாதம் முழுமையாக எடுக்க வேண்டும்.