கடைசி வருஷம் "சும்மா" இல்லை!

"எம்.இ. கடைசி வருஷத்தில் வகுப்பே அதிகமில்லையாம். அந்தச் சமயத்திலேயே கல்யாணத்தை முடிச்சுடலாமே!" பெண்ணை எலெக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் படிக்கவைத்திருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு சகஜம். விழுப்புரம், திண்டிவனம் இரண்டு ஊரிலுமே அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி உண்டு. அங்கே பி.இ. முடித்து, மேலே எம்.இ.க்குப் போகும் பெண்களின் தாய்மார்களுக்காகவே இந்தக் கட்டுரை.

வகுப்பு குறைவுதான், வேலை குறைவில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டப்படி எம்.இ. மூன்றாம் செமஸ்டரில் வாரத்துக்கு 12 பீரியட், நான்காவதில் 24 பீரியட் பிராஜெக்டுக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. மேல்நாட்டில் இதைக் "கேப்ஸ்டோன்" என்கிறார்கள். கட்டடத்தின் உச்சியில் கடைசியாக வைக்கும் கல் என்று அர்த்தம். கோபுரத்துக்குக் கலசம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அப்படி என்னதான் செய்வார்கள்? நம் பக்கத்து மல்லாட்டையையே எடுத்துக்கொள்வோம். சரியாகக் காயாத மல்லாட்டையில் பூஞ்சை பிடித்து, கல்லீரலைக் கெடுக்கும் அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சு உண்டாகும். காயைக் காதருகே ஆட்டிப் பார்த்தே பெரியவர்கள் காய்ச்சலைச் சொல்லிவிடுவார்கள். அதையே ஒரு சின்னக் கருவி சொன்னால்? இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே பருப்பைப் போட்டால், ஈரம் கூடக்கூட அவை தாங்கும் மின்னேற்றமும் கூடும். அதை அளந்தால் ஈரம் தெரிந்துவிடும்.

கேட்க சுலபம். ஆனால் வெயில் ஏறினால் அளவு மாறும். பருப்பை அழுத்திப் போட்டாலும் மாறும். ஆகவே பருப்பை எடைபோட்டு, அடுப்பில் உலர்த்தி, மறுபடி எடைபோட்டு, கருவி காட்டியது சரிதானா என்று பல தடவை ஒத்துப்பார்க்க வேண்டும். மாதக்கணக்கில் நேரம் பிடிப்பது இங்கேதான்!

இதற்குப் பயந்துதான் சிலர் கடையில் பணம் கொடுத்து ரெடிமேட் பிராஜெக்ட் வாங்கிவிடுகிறார்கள். அது பரீட்சையில் காப்பியடிப்பதற்குச் சமம். வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வரும் பரீட்சகர், "சூட்டில் அளவு ஏன் மாறுகிறது?" என்று கேட்டால், கையால் செய்தவளுக்குத்தான் பதில் வரும். நாளைக்கு வேலைக்கான இன்டர்வியூவிலும் இதே கேள்விதான்.

அம்மா என்ன செய்யலாம்? எஞ்சினீயரிங் தெரிய வேண்டாம். "என்ன செய்யறே? யாருக்கு உபயோகம்? இந்த வாரம் எது சரியா வரலே?" என்று வாரம் ஒரு தடவை கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குச் சுருக்கென்று பதில் வந்தால், பெண் நிஜமாகவே உழைக்கிறாள் என்று அர்த்தம்.

வீட்டில் பற்றவைக்கிறாளா? ஜாக்கிரதை! ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம். பற்றவைக்கும் கம்பியிலோ பெரும்பாலும் காரீயமும் கலந்திருக்கும், அது விஷம். ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யட்டும். அந்த மேஜையில் சாப்பாடு, காபி கூடாது. முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சூட்டுக்கோலின் முனை 300 டிகிரிக்கு மேல் காயும். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.

வரன் அமைந்துவிட்டதா? சந்தோஷம்! நிச்சயதார்த்தத்தின்போதே சம்பந்தி வீட்டாரிடம் பக்குவமாகச் சொல்லி, முகூர்த்தத்தை வாய்மொழித் தேர்வுக்குப் பிறகு வையுங்கள். நாலு மாதம் தள்ளிப்போனால் கல்யாணம் கெட்டுவிடாது. பாதியில் விட்ட பிராஜெக்டைப் புகுந்த வீட்டிலிருந்து முடிப்பது ரொம்பக் கஷ்டம்.