மழைநீருக்கு ஒரு தனிக் கணக்கு

குரங்கணி மலைச்சரிவில் பெய்யும் மழை கொட்டக்குடி ஆற்றில் இறங்கிப் போடிநாயக்கனூரைத் தொட்டு வைகைக்குப் போகிறது. ஊருக்குள் பெய்வதற்குத்தான் வழி வேண்டும். 100 சதுர மீட்டர் கான்கிரீட் மாடியில் 5 செ.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய 5,000 லிட்டர் தெருவுக்கு வரும். அதே அளவு மண்தரை கணிசமான பங்கைக் குடித்துவிடும்.

இந்த வேறுபாடே மழைநீர்க் கட்டணத்தின் அடிப்படை. அமெரிக்காவின் பெல்வியூ நகரம் 1974-இல் மழைநீருக்கென்று தனி அமைப்பைத் தொடங்கியது. இத்தகைய அமைப்பை உருவாக்க நகரமன்றம் முதலில் விதி இயற்றும். பிறகு நீர் புகாத பரப்பை மனைவாரியாக அளந்து கட்டணம் விதிக்கும். வசூல் தனிக் கணக்கில் சேரும். அதை வேறு செலவுக்குத் திருப்ப முடியாதபடி செய்வதுதான் முக்கியம். நீரை மனைக்குள்ளேயே இறக்குபவருக்குப் பல ஊர்களில் தள்ளுபடி உண்டு. ஜெர்மனியின் பல நகரங்களில் கழிவுநீருக்கும் மழைநீருக்கும் கட்டணம் தனித்தனி.

சென்னையில் கழிவுநீர் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு, மழைநீர் வடிகால் மாநகராட்சியின் பொறுப்பு. கொசஸ்தலையாற்றுப் படுகை வடிகால்களுக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 2021-இல் 25.1 கோடி டாலர் கடன் தந்தது. கால்வாய் கட்டக் கடன் கிடைத்துவிடும். ஆண்டுதோறும் தூர் வார யாரும் கடன் தருவதில்லை. அந்தச் செலவுக்குத்தான் நிலையான கட்டணம் கைகொடுக்கும்.

தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம். கட்டணம் வந்தால், தொட்டியைப் பராமரிப்பவருக்குத் தள்ளுபடி தர இதையே அளவுகோலாக்கலாம். சரிவில் அமைந்த ஊருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: மேட்டுத்தெரு சிமெண்ட் பூசினால் பள்ளத்தெருதான் முழங்கால் நீரில் நிற்கும். பரப்பளவுக் கட்டணம் அந்தச் சுமையில் ஒரு பங்கை மேட்டுத்தெருவின் பெயரில் எழுதுகிறது.