பெரிய வீட்டுக்கு எத்தனை சாவி?

காரைக்குடிப் பக்கம் போயிருக்கிறீர்களா? கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர், தேவகோட்டை, எந்த ஊரில் வேண்டுமானாலும் இறங்கிப் பாருங்கள். செம்மண் பூமி, முள் காடு, வெயில். திடீரென்று எதிரே அரண்மனை மாதிரி ஒரு வீடு! அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. தெரு நெடுக இப்படியே. ஆனால் பல வீடுகளின் வாசலில் கோலம் இல்லை. கதவில் பூட்டுத் தொங்குகிறது.

"இது யார் வீடு?" என்று சும்மா கேட்டு வையுங்கள். ஒரு பெயர் சொல்ல மாட்டார்கள். "இந்த வீட்டுக்கு இத்தனை புள்ளி" என்பார்கள். கணவனும் மனைவியுமாகக் குடித்தனம் தொடங்கிவிட்டால் அது ஒரு புள்ளி. கோயில் வரியும் அந்தக் கணக்குப்படிதான். நாட்டுக்கோட்டை நகரத்தாரின் இந்தப் புள்ளிக் கணக்கைத் தெரிந்துகொண்டால், இந்த வீடுகள் ஏன் இப்படிக் கட்டப்பட்டன, ஏன் இன்று இப்படிக் கிடக்கின்றன என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும்.

உள்ளே போவோம், வாருங்கள். முன் தெருவில் வாசல், பின் தெருவில் கொல்லைக் கதவு; அவ்வளவு நீளம்! நிலைகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் அமைந்திருப்பதால், முன் வாசலில் நின்றால் பின் வாசல் வெளிச்சம் தெரியும். முதலில் முகப்பு, இருபுறமும் பெரிய திண்ணைகள். வருகிறவர்களை வரவேற்பதும் கொடுக்கல் வாங்கல் பேசுவதும் ஆண்கள் இங்கேதான். சித்திர வேலை செய்த தேக்கு நிலையைத் தாண்டினால் வளவு. நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் தூண் வரிசை. கல்யாணமும் முன்னோருக்குப் படைக்கும் படைப்பும் இங்கேதான் நடக்கும். அப்பால் பந்தி போடும் இரண்டாங்கட்டு. அதற்கும் அப்பால் மூன்றாங்கட்டு, அடுப்படி, கிணறு: இது ஆச்சிமார்களின் ராஜ்யம்.

வளவைச் சுற்றி வரிசையாக அறைகள் இருக்கின்றனவே, அவற்றைக் கவனியுங்கள். கல்யாணமான பிள்ளை ஒவ்வொருவனுக்கும் ஓர் அறை. மருமகள் கொண்டுவந்த பாத்திரம், பண்டம், சீர் சாமான் எல்லாம் அதற்குள் போய்ப் பூட்டப்படும். சாவி அவளிடம். இன்னொரு விசேஷமும் உண்டு. கல்யாணமாகிச் சில காலத்தில் பிள்ளையையும் மருமகளையும் 'வேறு வைத்து' விடுவார்கள். சண்டை ஒன்றும் இல்லை! கூரை ஒன்றுதான், அடுப்பு மட்டும் தனித்தனி. குடித்தனச் செலவுக்கு வருஷத்துக்கு இவ்வளவு என்று பெரியவர்கள் கொடுத்துவிடுவார்கள். அதற்குள் கட்டும் செட்டுமாக நடத்துவது மருமகளின் சாமர்த்தியம். மாமியார் மருமகள் பிரச்னைக்கு இதைவிட நல்ல மருந்தை வேறு யாராவது கண்டுபிடித்திருக்கிறார்களா?

வீட்டின் செய்நேர்த்தியைச் சொல்ல வேண்டாமா? தேக்கு பர்மாவிலிருந்து வந்தது. சலவைக்கல் இத்தாலியிலிருந்தும், இரும்பு உத்தரம் இங்கிலாந்திலிருந்தும் கப்பலேறின. சுவர்ப் பூச்சு மட்டும் சொந்த ஊர்ச் சரக்கு. சுண்ணாம்பை நைய அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் சேர்த்து, பல கை பூசி, கடைசிக் கைக்கு முட்டையின் வெள்ளைக் கருவும் கலந்து தேய்த்து மெருகேற்றினார்கள். இன்றைக்கும் தொட்டால் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கிறது. வெயில் காலத்தில் குளுகுளுவென்று இருக்கிறது. ஆத்தங்குடித் தரைக் கல்லையும் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் வர்ணச் சிமெண்டை வார்த்து, பின்புறம் மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊற வைத்து எடுக்கிறார்கள். கண்ணாடியின் பளபளப்பு கல்லில் ஒட்டிக்கொண்டு விடுகிறது!

இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் பர்மாவிலிருந்தும், இலங்கை, மலாயா நாடுகளிலிருந்தும் வந்தது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தபின் பர்மா அரிசிக்கு உலகச் சந்தையில் கிராக்கி ஏற்பட்டது. அங்கே காடு திருத்தி நெல் பயிரிட்ட குடியானவர்களுக்குக் கடன் கொடுத்தவர்கள் நகரத்தார். 1930-ஐ ஒட்டி உலகமெங்கும் விலைகள் சரிந்தபோது நெல் விலையும் விழுந்தது. கடன் திரும்பவில்லை, அடகு நிலம்தான் கைக்கு வந்தது. நிலத்தை இழந்த பர்மியர்களின் மனத்தில் கசப்பும் வளர்ந்தது. 1942-ல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தார்கள். ஜனங்கள் போட்டது போட்டபடி ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. யுத்தத்துக்குப் பிறகு அந்தப் பழைய செல்வாக்கு மீளவில்லை. பிள்ளைகள் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் பிற தேசங்களுக்கும் தொழிலையும் உத்தியோகத்தையும் தேடிப் போனார்கள். வீடு ஊரிலேயே நின்றுவிட்டது.

இங்கேதான் புள்ளிக் கணக்கு குறுக்கே வருகிறது. கட்டினவருக்கு நான்கு பிள்ளைகள், ஒவ்வொருவருக்கும் மும்மூன்று என்று வையுங்கள். பேரன் காலத்தில் பன்னிரண்டு பங்கு. அதற்கடுத்த தலைமுறையில் முப்பத்தாறு! மழைக் காலத்தில் கூரையில் ஓர் ஓடு நகர்கிறது. மாற்றச் சில ரூபாய்தான். ஆனால் யார் மாற்றுவது? "எல்லோருக்கும் பொதுவான ஓட்டை நான் ஏன் மாற்ற வேண்டும்?" என்று முப்பத்தாறு பேரும் நினைத்தால் என்ன ஆகும்? தண்ணீர் கைமரத்தில் இறங்கும். மரம் உளுத்துப் போகும். சுவர் நனைந்து பூச்சு உதிரும். விரிசலில் ஓர் அரசங்கன்று முளைத்துவிட்டால் அப்புறம் கேட்கவே வேண்டாம்.

ஆனால் வேடிக்கையைப் பாருங்கள்! அதே கணக்குத்தான் பல வீடுகளைக் காப்பாற்றியும் வைத்திருக்கிறது. முழு வீட்டையும் விற்க வேண்டுமானால் அத்தனை பங்காளிகளும் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் அமெரிக்காவில், ஒருவருக்கு மற்றவரோடு பேச்சு வார்த்தை இல்லை. ஆகவே வீடு நிற்கிறது. கையெழுத்து ஒன்று கூடிவிட்ட வீடுகளின் கதை வேறு. நிலை, தூண், உத்தரம் என்று கழற்றி விற்றுவிடுகிறார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் அந்தக் கதவுகளும் ஆச்சிமார்களின் பித்தளைப் பாத்திரங்களும் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன.

பெண்கள் அவசியம் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டம் பெண்ணுக்குத் தகப்பன் சொத்தில் பங்கு கொடுத்தது. ஆனால் குடும்பத்தார் குடியிருக்கும் வீட்டை மட்டும், ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும் வரை, அவள் பிரித்துக் கேட்க முடியாது என்றும் ஒரு பிரிவு வைத்தது. 1989-ல் தமிழ்நாடு கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனோடு சமபங்கு தந்தது. அதற்குமுன் மணமான பெண்கள் அதில் சேரவில்லை. 2005-ல் மத்தியச் சட்டத்தின் திருத்தம் மணமான மகளுக்கும் சமபங்கு தந்து, அந்த வீட்டுப் பிரிவையும் நீக்கிவிட்டது. ஆகவே இப்போது வளவு வீட்டில் பெண்ணுக்கும் உரிமை உண்டு. உரிமை வந்தால் பொறுப்பும் கூடவே வருகிறது அல்லவா?

நம்பிக்கைக்கு இடமில்லாமல் போகவில்லை. வெளியூரில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கும் பூர்வீக வீட்டில்தான் கல்யாணம் என்று பிடிவாதமாக இருக்கும் குடும்பங்கள் பல. முகூர்த்தம் குறித்தவுடன் வெள்ளையடிப்பும் ஓடு பார்ப்பதும் தானே நடந்துவிடுகின்றன. சில வீடுகள் தங்கும் விடுதிகளாகிப் பிழைத்தன. கானாடுகாத்தானில் 'விசாலம்' என்ற விடுதி, தகப்பனார் ஒருவர் தம் மகளுக்காகக் கட்டிய வீடு! 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் சேர்க்கப்பட்டன.

பட்டியல் வந்து ஓடு மாற்றாது. பங்காளிகள் கூடிப் புள்ளிக்கு இவ்வளவு என்று வருஷா வருஷம் ஒரு சிறு தொகை போட்டு, அதைப் பொறுப்பான ஒருவரிடம் கொடுத்து, ஐப்பசி மழைக்குமுன் கூரையைப் பார்க்கச் சொன்னால் போதும். கோயிலுக்குப் புள்ளி வரி கொடுத்துப் பழகிய குடும்பங்களுக்கு இது புதிய வழக்கமா என்ன?

செட்டிநாட்டில் மட்டும் அல்ல. கும்பகோணத்திலோ திருநெல்வேலியிலோ உங்கள் தாத்தா வீடு ஒன்று பூட்டிக் கிடக்கலாம். அடுத்த கல்யாணத்தில் உறவினர் எல்லோரும் ஒன்றாகக் கூடும்போது, பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில், அந்த வீட்டின் கூரையைப் பற்றி நீங்களே பேச்சை ஆரம்பியுங்கள்.