இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை

இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு. முதல் வருடம் முழுக்க எங்கள் வீட்டில் அலாரம் அடித்த நேரங்கள் இவை. எழுந்து, என் வீட்டுக்காரரின் இடுப்புக்கு அடியில் கையைக் கொடுத்து இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் திருப்புவேன். முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று. பிறகு டார்ச் அடித்துக் குதிகாலையும் முதுகின் அடிப்பகுதியையும் பார்ப்பேன். சிவந்த தோலை விரலால் அழுத்தியும் சிவப்பு மாறவில்லை என்றால் ஆபத்து. உணர்ச்சி போன உடம்புக்கு வலி தெரியாது. ஒரே இடத்தில் எடை அழுந்தி ரத்த ஓட்டம் நின்றால், படுக்கைப்புண் எலும்புவரை போய்விடும்.

அவர் எலக்ட்ரீஷியன். ஆறு வருடங்களுக்கு முன் சாரம் சரிந்து விழுந்ததில் தண்டுவடம் நசுங்கி, இடுப்புக்குக் கீழே செயலிழந்துவிட்டது.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். பாட்டன் காலத்திலிருந்தே கோயிலும் சபையுமாக வளர்ந்தவர்கள். உபவாச ஜெபம், முழு இரவு ஜெபம், எண்ணெய் பூசி ஜெபம் எல்லாம் நடந்தது. வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார் கட்டிலருகே நின்று, "விசுவாசம் இருந்தால் இந்நேரம் எழுந்து நடந்திருப்பார். மறைவான பாவம் ஏதோ தடுக்கிறது" என்றார். இரண்டு நாள் இவர் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சுவரைப் பார்த்துக்கொண்டே, "நான் அப்படி என்ன பாவம் செஞ்சேன், பிள்ள?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. கோபம்தான் வந்தது, கர்த்தர் மேலும். சில மாதங்கள் நான் ஜெபிக்கவே இல்லை.

என்னைத் திரும்ப ஜெபிக்க வைத்தது 88-ஆம் சங்கீதம். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் ஆறுதலுக்கு வந்து சேரும். இது வராது. சிநேகிதரும் தெரிந்தவர்களும் விலகிப்போன வேதனையிலேயே முடிந்துவிடும். இப்படி ஒரு கதறலும் வேதத்தில் இருக்கிறதென்றால், என் கோபத்தையும் கர்த்தரிடமே கொண்டுபோகலாம் என்று தோன்றியது. பவுல் தன் சரீரத்து முள்ளை எடுத்துவிடும்படி மூன்று முறை வேண்டினார். முள் எடுபடவில்லை. பவுலுக்கு விசுவாசம் இல்லை என்று யாராவது சொல்வார்களா?

பிறகு வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையின் மறுவாழ்வு மையத்துக்குப் போனோம். அந்த மையம் யாருடைய பெயரைத் தாங்கியிருக்கிறதோ, அந்த டாக்டர் மேரி வர்கீஸின் கதையை அங்கேதான் அறிந்தேன். 1954-இல் கார் விபத்தில் அவருக்கும் இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. இளம் மருத்துவர் அவர். தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு உட்கார்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்யலாம் என்று அங்கிருந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட் வழிகாட்ட, சக்கர நாற்காலியிலிருந்தே அதைச் செய்தார். நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-இல் அந்த மையம் உருவானது. 1972-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1986-இல் காலமாகும்வரை அவர் நடக்கவில்லை. குணமாகவில்லை என்பதால் அவருடைய விசுவாசம் பொய்த்துவிட்டதா? அந்த நாற்காலியில் இருந்தவரால் எத்தனை பேர் எழுந்து உட்கார்ந்தார்கள்!

என் வீட்டுக்காரரும் அங்கே கற்றுக்கொண்டார். கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தானே மாறுகிறார், கைகளை ஊன்றி அவ்வப்போது உடம்பைத் தூக்கிக்கொள்கிறார், கண்ணாடி வைத்துத் தன் தோலைத் தானே பார்க்கிறார். இப்போது வீட்டுத் திண்ணையில் மிக்ஸி, ஃபேன் ரிப்பேர் செய்கிறார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வருகிறார். படிக்கட்டில் நாலு பேர் தூக்கிவிட வேண்டும்.

அந்த முதல் வருடத்தில் ஒருநாள் எங்கள் தெருப் பாட்டி ஒருவர் வந்தார். ஜெபம் சொல்லவில்லை, வசனம் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ போய்ப் படு, தாயி. ரெண்டு மணிக்கு நான் திருப்பிப் போடுதேன்" என்றார். அன்று விடியும்வரை தூங்கினேன். ஆறு மாதத்தில் கர்த்தர் எனக்குச் செவிகொடுத்தார் என்று நான் நம்பிய முதல் ராத்திரி அது.

யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் இரவும் பகலும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் எல்லாம் கெட்டது.

உங்கள் சபையிலும் தெருவிலும் இப்படி ஒரு வீடு இருக்கும். போகும்போது ஹார்லிக்ஸ் பாட்டில் வேண்டாம், காரணமும் வேண்டாம். அந்த வீட்டுப் பெண்ணைத் தூங்கச் சொல்லிவிட்டு, ஒரு ராத்திரிக்கு அந்த அலாரத்தை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.