சாரதி இல்லாத வண்டியும் கிராமத்து வீதியும்

சாரதி இல்லாமல் தானாகவே ஓடும் வாகனம் என்றதும், வானளாவிய கட்டடங்களும் அகன்ற வீதிகளும் நிறைந்த பெருநகரமே நம் மனக்கண்ணில் தோன்றும். ஆனால் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் அரசாங்கங்கள் இந்த வாகனங்களைக் கிராமங்களுக்குக் கொண்டு சென்று பரீட்சித்துப் பார்ப்பதற்கும் பொதுப் பணத்தைச் செலவிடுகின்றன. மக்கள் குறைவாக வாழும் இடத்தில் இந்தச் செலவு எதற்கு? இக்கேள்விக்கு விடை தேடியபோது நான் அறிந்துகொண்டவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில், இவ்வாகனம் வீதியை எவ்வாறு காண்கிறது என்று பார்ப்போம். அதற்குக் கண்களாக இருப்பவை கமெரா, ரேடார், லேசர் கதிரால் தூரத்தை அளக்கும் கருவி ஆகியன. தான் நிற்கும் இடத்தைச் செய்மதிச் சமிக்ஞைகளாலும், முன்கூட்டியே தயாரித்த நுணுக்கமான வரைபடத்தாலும் அது அறிந்துகொள்கிறது. இவற்றை எல்லாம் ஒன்றுசேர்த்து, எப்போது திரும்புவது, எப்போது நிறுத்துவது என்று கணினி தீர்மானிக்கிறது. அந்தக் கணினியோ, தனக்குப் பழக்கப்பட்டதையே நன்றாக அடையாளம் காணும்.

நகரத்து வீதியில் வெள்ளைக் கோடு உண்டு, ஓரக்கல் உண்டு, சமிக்ஞை விளக்கு உண்டு. கிராமத்து வீதியில் பல இடங்களில் இவை எதுவும் இல்லை. கிரவல் பாதையில் புழுதி எழும். வளைவுக்கு அப்பால் உழவு இயந்திரம் ஒன்று மெதுவாக ஊர்ந்துகொண்டிருக்கும். குளிர் நாடுகளில் வீதியையே பனி மூடிவிடும். நகரத்தில் மட்டும் பழகிய கணினி இங்கே வந்தால், ஊருக்குப் புதிதாய் வந்த விருந்தாளியைப் போலத் தடுமாறத்தான் செய்யும்.

அப்படியானால் வாகனக் கம்பனிகளே கிராமங்களுக்குச் சென்று கணினியைப் பழக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கம்பனி இலாபத்தைப் பார்க்கும். பிரயாணிகள் நிறைந்த நகரமே அதற்கு இலாபம். ஆனால் தேவை அதிகமாக இருப்பதோ வேறிடத்தில். 2019ஆம் ஆண்டில் அமெரிக்க மக்களுள் ஏறத்தாழ 19 சதவீதத்தினரே கிராமப்புறங்களில் வாழ்ந்தனர். ஆயினும் அவ்வாண்டு வீதி விபத்துகளில் இறந்தோருள் 45 சதவீதத்தினர் கிராமப்புற வீதிகளிலேயே உயிரிழந்தனர். இன்னொன்றும் உண்டு. அங்கே சொந்தமாக வாகனம் ஓட்ட முடியாத முதியவருக்கும் பார்வை குன்றியவருக்கும், வைத்தியரிடம் போவது கூடப் பிறர் தயவில்தான் நடக்கிறது.

இந்த இடைவெளியை நிரப்பவே அரசாங்கப் பணம் வருகிறது. 2019இல் அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களம் தானியங்கி வாகனப் பரீட்சைகளுக்காக 8 திட்டங்களுக்கு ஏறத்தாழ 6 கோடி டொலரை ஒதுக்கியது. அதில் சுமார் 70 இலட்சம் டொலர் அயோவா பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்தது. அங்குள்ள ஆராய்ச்சியாளர்கள் ஒரு சிறிய பஸ் வண்டியில் கருவிகளைப் பொருத்தி, அயோவா நகரிலிருந்து சிற்றூர்கள் வழியாகச் சென்று திரும்பும் 47 மைல் நீளமான சுற்றுப் பாதையில் ஓடவிட்டனர். நெடுஞ்சாலை, கோடு போடாத வீதி, கிரவல் பாதை எல்லாம் அந்த ஒரே சுற்றில் அடங்கின. இன்றும் குதிரை வண்டியில் பயணிக்கும் ஆமிஷ் மக்கள் வாழும் கலோனா என்ற ஊரும் அப்பாதையில் உண்டு. எந்நேரமும் வண்டியைத் தன் கட்டுப்பாட்டில் எடுக்கத் தயாராகச் சாரதி ஒருவர் ஆசனத்தில் இருந்தார். இவ்வாறு திரட்டிய தரவுகளைப் பிறரும் பயன்படுத்தச் செய்வது இந்நிதியின் நோக்கங்களுள் ஒன்று. கம்பனி ஒன்று தனியே செய்திருந்தால் அவை அதன் பெட்டகத்துக்குள்ளேயே பூட்டப்பட்டிருக்கக் கூடும்.

மினசோட்டா மாநிலத்தின் கிராண்ட் ரெப்பிட்ஸ், சுமார் 11,000 பேர் வாழும் சிறிய ஊர். மாநில அரசின் நிதியுதவியோடு 2022இல் அங்கே 'கோமார்ட்டி' என்ற இலவசச் சேவை தொடங்கியது. 5 வாகனங்களுள் 3 சக்கர நாற்காலியோடு ஏறக்கூடியவை. வண்டியை அழைக்கக் கைத்தொலைபேசிச் செயலி உண்டு. அது இல்லாதவர் சாதாரணமாகத் தொலைபேசியில் பேசியும் அழைக்கலாம். பூச்சியத்துக்கு மிகக் கீழே இறங்கும் குளிரில் கருவிகள் எவ்வாறு இயங்குகின்றன என்பதும் இங்கே பரீட்சிக்கப்பட்டது. இங்கும் பாதுகாப்புக்காக ஒருவர் வண்டிக்குள் இருந்தார்.

சாரதியின் தலையீடு இன்றியே வண்டி ஓடும் நிலையை ஜப்பானின் எய்ஹெய்ஜி என்ற சிற்றூர் 2023 மே மாதத்தில் எட்டியது. அதுவும் அரச ஆராய்ச்சித் திட்டத்தின் விளைவே. கைவிடப்பட்ட புகையிரதப் பாதையில் சுமார் 2 கிலோமீற்றர் தூரம், மணிக்கு 12 கிலோமீற்றர் வேகத்தில், 7 பேர் அமரும் சிறிய மின்வண்டி ஓடுகிறது. தூரத்தில் இருக்கும் ஒருவர் 3 வண்டிகளைக் கண்காணிக்கிறார். ஆனால் அதே ஆண்டு ஒக்டோபரில், ஓரமாக நிறுத்தியிருந்த சைக்கிள் ஒன்றில் வண்டி இலேசாக உரசியது. யாருக்கும் காயமில்லை. ஆராய்ந்தபோது, அவ்வாறு ஆளில்லாமல் நிற்கும் சைக்கிளை அடையாளம் காணக் கணினி போதியளவு பழக்கப்படவில்லை என்பது தெரியவந்தது. திருத்தம் செய்த பின்னர் 2024 மார்ச்சில் சேவை மீண்டும் தொடங்கியது. ஒரு சைக்கிளே மாதக் கணக்கில் வேலை வைத்தது என்றால், ஒவ்வொரு கிராமத்துக்கும் இந்த ஆராய்ச்சி எத்தனை பொறுமையைக் கேட்கும்!

"இந்தப் பணத்தில் சாரதியோடு இன்னும் இரண்டு பஸ் ஓட்டலாமே" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இன்று பஸ்ஸுக்காகக் காத்து நிற்பவருக்கு நாளைய ஆராய்ச்சி பதிலாகாது. ஆனால் ஜப்பானின் கிராமங்களில் சம்பளம் கொடுத்தாலும் சாரதி கிடைப்பது அரிதாகி வருகிறது. ஓட்டி வந்தவர்களும் முதுமை அடைந்துவிட்டனர். ஆகவே ஒன்றை நிறுத்தி மற்றொன்றைச் செய்வதல்ல வழி. ஓடுகின்ற பஸ்ஸை ஓடவிட்டு, அது போகாத பாதைக்கும் போகாத வேளைக்கும் இந்த வண்டியைப் பழக்குவதே பயன் தரும் என்பது என் எண்ணம்.

எந்த வீதியில் ஆராய்ச்சி நடக்கிறதோ அந்த வீதியைத்தான் இயந்திரம் கற்றுக்கொள்ளும். யாருடைய வீதி முதலில் கற்பிக்கப்படும் என்பதைச் சந்தையிடம் மட்டும் விட்டால், கிராமத்து மூதாட்டியின் முறை கடைசியாகத்தான் வரும். பொதுப் பணம் என்பது அவளுடைய பணமும் அல்லவா? அதில் ஒரு பங்கு அவள் வாசல் வரை வருவது சலுகை அல்ல, உரிமை.