சுவிட்சைத் தொடாதீர்கள்!

‘கேஸ் சிலிண்டர் வெடித்து விபத்து’ என்று செய்தி வரும். போய்ப் பார்த்தால், பல இடங்களில் சிலிண்டர் முழுசாக நிற்கும், சுவர்தான் இடிந்திருக்கும். வெடித்தது சிலிண்டர் அல்ல, ராத்திரி முழுக்கக் கசிந்து அறைக்குள் தேங்கிய கேஸ். விடிகாலையில் காபி போட எழுந்தவர் பழக்கத்தில் லைட் சுவிட்சைத் தட்டினால், அந்தப் பொறியே போதும்.

சமையல் கேஸுக்கு இயல்பில் வாடையே கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றமடிக்கும் ரசாயனத்தைக் கலக்கிறார்கள். காற்றில் சுமார் 2 சதவீதம் கேஸ் கலந்தாலே தீப்பிடிக்கும். அதற்கு வெகுமுன்பே மூக்கு எச்சரித்துவிடும். ஆனால் சளி பிடித்தவருக்கும் வயதானவருக்கும் அது எட்டாமல் போகலாம். அதே அறையில் நெடுநேரம் இருந்தால் மூக்குக்கு வாடை பழகியும்விடும்.

வாடை வந்தால்...

லைட், ஃபேன், எக்ஸாஸ்ட் எதையும் போடாதீர்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் அணைக்கவும் வேண்டாம். இரண்டிலும் பொறி வரும். அடுப்பும் சாமி விளக்கும் எரிந்தால் அணைத்துவிடுங்கள். ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, வால்வின் மேல் பாதுகாப்பு மூடியை அழுத்திப் பொருத்துங்கள். சிலிண்டர் வந்த அன்றே அந்த மூடியைக் கயிற்றோடு அறுத்து எறிகிறவர்கள் கவனிக்க! கேஸ் காற்றைவிடக் கனமானது. தரையோடு படிந்து நகரும். அதனால் உயரத்து ஜன்னலை மட்டும் திறந்தால் போதாது, கதவுகளையும் விரியத் திறக்க வேண்டும். எல்லோரும் வெளியே வந்தபிறகு 1906-க்குப் போன் செய்யுங்கள். கேஸ் கசிவுக்கென்றே 24 மணி நேரமும் இயங்கும் எண் அது. தீப்பிடித்துவிட்டால் 101 அல்லது 112.

கண்ணில் படாத இரண்டு

சிலிண்டரின் மேல்வளையத்தைத் தாங்கும் பட்டை ஒன்றின் உட்புறம் ‘சி-27’ என்பதுபோல் ஓர் எழுத்தும் எண்ணும் இருக்கும். அடுத்த சோதனைக்கான கெடு அது. ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச். பி, சி, டி அடுத்தடுத்த மும்மாதங்கள். ‘சி-27’ என்றால் 2027 செப்டம்பர் வரை. கெடு தாண்டிய சிலிண்டர் வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்புங்கள். இன்னொன்று டியூப். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஆரஞ்சு நிற ‘சுரக்ஷா’ டியூபையும் 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். கசிவு இருக்கிறதா என்று பார்க்கச் சோப்பு நுரை தடவினால் போதும், குமிழ் விடும். தீக்குச்சி கிழித்துப் பார்க்கிற வேலை கூடவே கூடாது.

வாணலியில் தீப்பிடித்தால்

அப்பளம் பொரிக்கும் எண்ணெய் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள். தண்ணீர் அடியில் இறங்கிச் சட்டென ஆவியாகி, எரியும் எண்ணெயை நாலாபக்கமும் வாரியடிக்கும். அடுப்பை அணைத்து, வாணலியைப் பெரிய தட்டால் மூடிவிட்டு நகருங்கள். தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். சுட்ட இடத்தில் இங்க், பற்பசை, மாவு எதுவும் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டிவிட்டு டாக்டரிடம் போங்கள்.

படுக்கப் போகுமுன் ரெகுலேட்டரை மூடுவது ஒரு நொடி வேலை. ஆனால் பல வீடுகளில் அதைத் திருப்பத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் ஊருக்குப் போன நாளிலும் கேஸ் கசியலாம். அடுத்த சிலிண்டர் மாற்றும்போது தாத்தா, பாட்டி, பள்ளிக்குப் போகும் பிள்ளை, வீட்டுவேலைக்கு வரும் அக்கா என எல்லோரையும் கூப்பிட்டு, ஆளுக்கொரு முறை திருப்பிப் பழக விடுங்கள்.